வலங்கனைச் சாகவிடாதே

மகனே,

இதை எழுதுவது நைனாதான். யாரையும் பக்கத்தில் உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல எழுதவைக்கவில்லை. என் கை, என் எழுத்து. உனக்கு நம்பிக்கை வராது என்று தெரியும். நீ ஊரை விட்டுப் போகும்போது எனக்கு என் பேரை எழுதத் தெரியாது. மண்டியில் வண்டியிலிருந்து கடலை மூட்டையை இறக்கிவிட்டுக் கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்துவிட்டு, அந்த மையைத் தலையிலேயே துடைத்துக்கொண்டு வருவேன். உன் அம்மா அதற்குத் திட்டுவாள். இப்போது எழுத வருகிறது. மெதுவாகத்தான் வருகிறது. ஒரு வரி முடித்து நிமிர்வதற்குள் உலை பொங்கி அடுப்பு அணைந்துவிடுகிறது. ஆனாலும் சொல்கிறேன், இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் கிடைக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. 'கோ' என்று எழுதிப் பார்த்த அன்றைக்குத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். வண்டி மேட்டில் ஏறும்போது முன்னால் ஒருத்தன் மாட்டைப் பிடித்து இழுக்க, பின்னால் ஒருத்தன் தள்ளுகிற மாதிரியே இருக்கிறது அந்த எழுத்து. கடைத்தெருவில் பலகை பலகையாகப் படித்துக்கொண்டே போகிறேன். பஸ்ஸின் நெற்றியில் திண்டிவனம் என்று இருக்கிறதா திருவண்ணாமலை என்று இருக்கிறதா என்று யாரையும் கேட்பதில்லை. எனக்குப் போக வேண்டிய ஊர் எதுவும் இல்லை. இருந்தாலும் படித்துவிட்டுத்தான் வருகிறேன்.

உன் தங்கச்சியிடம் உன் விலாசத்தை நான் கேட்கவில்லை. கொடுக்கக்கூடாது என்று நீ அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாய். சிங்கவரத்திலிருந்து அவள் வரும்போதெல்லாம், நான் கேட்டுவிடுவேனோ என்று பயந்து பயந்து பேசுகிறாள். அவள் சத்தியத்தை உடைக்க நான் யார்? அதனால்தான் இதை உன் தொடர்கதை வருகிற பத்திரிகைக்கே அனுப்புகிறேன், நீ வைத்துக்கொண்டிருக்கிற அந்தப் புனைபேரைப் போட்டு. ஆபீஸில் இதைப் பிரிக்கிறவர் யாரோ, அவர் படித்தாலும் பரவாயில்லை, நாலு பேருக்குப் படித்துக் காட்டினாலும் பரவாயில்லை. அவர்களுக்கெல்லாம் வலங்கனைத் தெரியும். நான் எழுதுவதும் வலங்கனைப் பற்றித்தான்.

நம் முடிதிருத்தும் கடைக் கன்னியப்பனை உனக்கு நினைவிருக்கும். உனக்கு முதல் மொட்டை போட்டவன். அவன் கடைக்கு வாராவாரம் உன் பத்திரிகை வரும். வந்த அன்றைக்குக் கன்னியப்பன் கத்தியை மடித்து வைத்துவிட்டு உன் கதையைச் சத்தமாகப் படிப்பான். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருக்கிறவன்கூட எழுந்து போகமாட்டான். நுரை காய்ந்து வெள்ளைத் தாடி மாதிரி நிற்கும். நானும் போவேன். முடி வெட்டிக்கொள்ள என் தலையில் என்ன இருக்கிறது? கதை கேட்கத்தான் போவேன். அது உன் கதை என்று எனக்குத் தெரியாது. யாரோ பட்டணத்தில் இருக்கிற பெரிய எழுத்தாளர் என்று நினைத்திருந்தேன்.

என்ன கதையடா அது! பார்க்காத தேசம், மேகத்துக்கு மேலே ஒரு கோட்டை. கீழே காட்டையெல்லாம் தின்றுகொண்டு வருகிறது சாம்பல் சேனை. அவர்கள் மூச்சுப் பட்டவன் உடம்பெல்லாம் கொப்புளித்துச் செத்துப்போகிறான். கோட்டைக்கு ஒரே வழி. மலை உச்சியில் பாதாளம் வரைக்கும் பிளந்து கிடக்கிற பள்ளம், அதன் மேலே ஒரு மரப்பலகை. அந்தப் பலகைக்குக் காவலன் வலங்கன். இதைக் கேட்டதுமே நான் சொன்னேன், "டேய் கன்னியப்பா, இது நம்ம ராஜகிரிக் கோட்டை மேல இருக்கிற பள்ளம்டா. எவனோ நம்ம ஊருக்கு வந்து பாத்துட்டுப் போயி எழுதுறான்." அதற்கு அவன், "ஆமா, உங்க பள்ளத்தப் பாக்கத்தான் பட்டணத்துலேர்ந்து பஸ் ஏறி வர்றானுங்க. சும்மா கேளுங்க பெரியவரே" என்றான்.

சேனை நெருங்குகிறது. கீழே இருந்த ஜனமெல்லாம் மேலே ஓடிவந்து பலகையைத் தாண்டிவிட்டது. கடைசியாக வலங்கனுடைய மகனே வருகிறான். வேறு தேசத்திலிருந்து, தாய்க்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு ஓடிவருகிறான். அவன் காலை வைக்கப்போகிற நேரத்தில் வலங்கன் பலகையை இழுத்துவிடுகிறான். நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். "பெத்தவனா அவன்? அந்தப் பையன் கூடவா சேனை வருது?" என்று கத்தினேன். கன்னியப்பன் என்னைத் தூண்டிவிட்டான்.

"உங்க கையில கெடச்சா இன்னா பண்ணுவீங்க பெரியவரே?"

"கழுதை மேல ஏத்தி, மூஞ்சியில கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கடைத்தெரு முழுக்க ஊர்கோலம் உடுவேன்."

"கரும்புள்ளி குத்தவே வேணாம். அவன் மூஞ்சி ஏற்கெனவே மழை உழுந்த மணல் மாதிரி இருக்குதாம். இதோ எழுதியிருக்கான் பாருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிறுவயதில் அம்மை வார்த்து என் முகமும் மழை விழுந்த மணல்தான், ஆனால் அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. கன்னியப்பன் அடுத்த வரியைப் படித்தான். உள்ளே படுத்திருக்கிற வலங்கனின் பெண்சாதி கூப்பிடுகிறாள்: "என் பிள்ளையின் குரல் கேட்கிறது. யாரைத் தடுக்கிறாய் என்று பார்த்துத் தடு."

மகனே, அந்த வரியைக் கேட்டதும் நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். கன்னியப்பன் பின்னாலிருந்து, "இன்னா பெரியவரே, கழுதை புடிக்கப் போறீங்களா?" என்று கேட்டது காதில் விழுந்தது. அந்தச் சொல்லை உலகத்தில் மூன்று பேர்தான் கேட்டிருக்கிறோம். சொன்னவள் ஒருத்தி. கதவுக்கு உள்பக்கம் நின்றவன் நான். வெளிப்பக்கம் நின்றவன் நீ.

அந்த நாளை நீ மறந்திருக்கமாட்டாய். ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உன் அம்மாவுக்குப் பெரியம்மை கண்டிருந்தது. நம் தெருவில் அப்போதெல்லாம் நோய் என்று சொல்லமாட்டோம், ஆத்தா வந்திருக்கிறாள் என்போம். வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் வெளியூர்க் கால் உள்ளே வரக்கூடாது. வீட்டில் தாளிக்கக்கூடாது. வேட்டி வெளுக்கப் போடக்கூடாது. எனக்குச் சிறுவயதிலேயே வார்த்துவிட்டதால் நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டேன். உன் தங்கச்சியை அவள் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். பட்டணத்தில் அச்சாபீஸில் வேலையில் இருந்த உனக்கு யாரோ சொல்லியனுப்ப, நீ பஸ் பிடித்து வந்து வெயிலில் வாசலில் நிற்கிறாய். நான் கதவைப் பாதி திறந்து, "வராதே. ஆத்தா இருக்கிறா. வெளியூர்க் காலோட வராதே" என்று சொன்னேன். நீ, "நைனா, எனக்கு ஒண்ணும் ஆவாது, இங்க பாரு" என்று சொல்லிக்கொண்டே சட்டைக் கையை மேலே சுருட்டினாய். என்னைத் தள்ளிவிட்டு உள்ளே வரத்தான் கையைச் சுருட்டுகிறாய் என்று நினைத்தேன். கதவோரம் சாத்தியிருந்த தார்க்குச்சியை எடுத்து ஓங்கினேன். பெற்ற பிள்ளையின் மேல், மாட்டை ஓட்டுகிற குச்சியை. நீ அந்தக் குச்சியைப் பார்த்தாய். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாய். நான் கதவைச் சாத்தினேன். அப்போதுதான் உள்ளிருந்து அவள் அப்படிச் சொன்னாள்.

எதிரே புளியமரத்தடியில் பொழுது சாய்கிறவரைக்கும் நீ உட்கார்ந்திருந்தாய் என்று தெருவில் சொன்னார்கள். நான் எட்டிப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் அவள் அதிக நாள் இருக்கவில்லை. ஆத்தா எடுத்துக்கொண்ட உடம்புக்கு மேளம் இல்லை, ஒப்பாரி இல்லை. விடிந்ததும் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டோம். உனக்கு ஆள் அனுப்பவில்லை. அன்றிலிருந்து நீயும் வரவில்லை.

இனிமேல் நான் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது அம்மை வராமல் தடுக்க ஊசி போடுகிற, அம்மை குத்துகிறவர் ஊருக்கு வந்தார். என் அண்ணன் பிள்ளைக்குக் குத்தி, அதற்குக் காய்ச்சல் வந்து கை வீங்கிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, உன்னைத் துணியில் சுற்றிக் காலி நெற்குதிருக்குள் இறக்கிவிட்டேன். அவர் வீடெல்லாம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நீ உள்ளே அழவே இல்லை. அதை எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? "என் புள்ள அப்பவே புத்திசாலி, மூச்சு உடல" என்பேன். அன்றைக்கு வாசலில் உன்னைப் பார்த்ததும் எனக்கு ஆத்தாவும் நினைவுக்கு வரவில்லை, வெளியூர்க் காலும் நினைவுக்கு வரவில்லை. இவனுக்கு அம்மை குத்தவில்லையே, உள்ளே வந்தால் இவனும் போய்விடுவானே என்பது ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லியிருக்கலாம். தெருவே அவரவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. உன்னைக் குதிருக்குள் ஒளித்தது என் தப்பு என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆத்தாவின் மேல் பழியைப் போட்டுக் கதவைச் சாத்தினேன்.

இந்த ஒரு காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனையோ வருஷம் நான் தூங்கியிருக்கிறேன். என் பிள்ளை என்னை வெறுத்தாலும் உயிரோடு இருக்கிறான், அவனைக் காப்பாற்றினேன், அது அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று. வலங்கன் யார் என்று தெரிந்த பிறகும் எனக்கு முதலில் உன் மேல் கோபம்தான் வந்தது. என் மனசு தெரியாமல் எழுதிவிட்டானே என்று.

அடுத்த வாரம் கன்னியப்பனிடம் போய், போன வாரம் நான் பாதியில் எழுந்துபோன பகுதியை இன்னொரு தரம் படி என்றேன். அவன், "பலகையை இழுத்தான், பையன் அழுதான், போயிட்டான். அம்புட்டுதான்" என்றான்.

"நடுவுல இன்னா இருக்குது?"

"நடுவுல இன்னா இருக்கும்? மேகம், காத்து. பையன் கையத் தூக்குறான். இதெல்லாம் படிச்சா கத ஓடாது பெரியவரே. நான் தாண்டிக்கினு போயிடுவேன்."

அப்போதுதான் தெரிந்தது, அவன் வாராவாரம் பாதிக் கதையைத்தான் படிக்கிறான் என்று. சில இடங்களில் அவனே சொந்தமாகச் சேர்த்தும் விடுவானாம். வலங்கன் ஒரு தடவை மிளகாய் பஜ்ஜி கேட்டதாகப் படித்தானே, அது கன்னியப்பன் கைவேலை. அன்றைக்கே சொன்னேன், "எனக்குப் படிக்கக் கத்துக்குடு."

"நீங்க கத்துக்கினா என் கடைக்கு எதுக்கு வருவீங்க?"

"முடி வெட்ட."

"அது மொளைச்சா பாப்போம்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியின் மேல் விரலால் சோப்பு நுரையைத் தொட்டு 'அ' எழுதினான். ஆளில்லாத மத்தியானங்களில் அப்படித்தான் கற்றேன். எழுதுவான், நான் சொல்வேன், துடைப்பான். நான் ஒரு எழுத்தை மாற்றிச் சொன்னால், "இந்தக் காது எதுக்கு, அறுத்துடலாமா?" என்று கத்தியைக் காட்டுவான். வெயில் காலம் போய் மழையும் வந்துவிட்டது. எழுத்துக்கூட்டி ஒரு பத்தி படிக்க வந்ததும், அடுக்கி வைத்திருந்த பழைய பத்திரிகைகளில் அந்த வாரத்தைத் தேடி எடுத்து, ஒட்டியிருந்த முடியை ஊதிவிட்டு, தனியாக உட்கார்ந்து படித்தேன்.

நீ எழுதியிருந்தது இதுதான். அந்தப் பையன் தூரதேசத்தில் ஒரு வனவைத்தியச்சியிடம் கையில் சூடு போட்டுக்கொண்டு வந்திருந்தான். அந்தத் தழும்பு உள்ளவனைச் சாம்பல் சேனையின் மூச்சு ஒன்றும் செய்யாது. ஆனால் அந்தக் கோட்டையில் அதைச் சொல்வது காவல் தெய்வத்துக்குக் குற்றம். அதனால் அவன் வாயால் சொல்லவில்லை. சட்டைக் கையைச் சுருட்டி, கையை உயர்த்தித் தழும்பைக் காட்டினான். தகப்பன் பார்ப்பார் என்று நினைத்தான்.

நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன். கடகடவென்று படிக்கிறவனுக்கு இது ஒரே வீச்சில் வந்து விழும். எனக்கு அப்படி வரவில்லை. சட்டை என்று வந்தது. கை என்று வந்தது. சுருட்டினான் என்பதைக் கூட்டி முடிக்க நேரமாயிற்று. தழும்பு என்ற சொல்லை முதலில் தவறாகப் படித்தேன், திரும்பப் படித்தேன். படிக்கப் படிக்க ஒவ்வொரு சொல்லாக என் மேல் ஏறியது. பட்டணத்தில் அச்சாபீஸில் உனக்கு அம்மை குத்திவிட்டிருக்கிறார்கள். நீ அதைத்தான் காட்டினாய். ஆத்தா இருக்கிற வீட்டு வாசலில் அதை வாய்விட்டுச் சொன்னால் தெரு உன்னைக் கல்லால் அடிக்கும் என்று, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி காட்டினாய். நான் குச்சியை எடுத்தேன். ஒரு விநாடி உன் கையைப் பார்த்திருந்தால் நீ உள்ளே வந்திருப்பாய். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய். நான் உன்னை எதிலிருந்தும் காப்பாற்றவில்லை. இத்தனை வருஷம் தலைக்கு வைத்துத் தூங்கின காரணம் அன்றைக்குப் போய்விட்டது. கன்னியப்பன் வந்து, "இன்னா பெரியவரே, படிக்கத் தெரிஞ்சிட்டதுன்னு அழுவுறீங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

அதற்கப்புறம் வந்த வாரங்களை நானே படித்தேன், ஒரு மேகத்தையும் விடாமல். நீ வலங்கனை நல்லவனாக்கிக்கொண்டு வருகிறாய். பலகையை இழுத்துக் கோட்டையைக் காப்பாற்றினான் என்று அரசன் அவனுக்குத் தங்கக் காப்பு போடுகிறான். பெண்சாதி செத்துப்போகிறாள். ஒரு முனிவர் வந்து நாலு வார்த்தை சொல்கிறார். அந்த வாரமே வலங்கன் காப்பைப் பள்ளத்தில் வீசிவிட்டு மலை இறங்கிப்போய், ஆற்றைக் கடக்க முடியாதவர்களைத் தோளில் தூக்கிவிடுகிறவனாக ஆகிவிடுகிறான். கடையில் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எழுத்தென்றால் இது எழுத்து என்றார்கள். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த இடம் சரியில்லை. கதை எழுதத் தெரியாதவன் சொல்கிறேனே என்று நினைக்காதே. அந்த வேலையைச் செய்தவன் சொல்கிறேன்.

காப்பை அவ்வளவு சீக்கிரம் எவனும் வீசமாட்டான். எனக்கும் காப்பு போட்டார்கள். பெற்ற பிள்ளையையே வாசலில் நிறுத்தி ஆத்தாவுக்கு மரியாதை செய்தவன் என்று, ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது முதல் குவளையை என் கையில் கொடுத்தார்கள். உன் அம்மா மண்ணுக்குள் இருக்கிறாள், நீ ஊரில் இல்லை, நான் மேல்துண்டை இறக்காமல் நின்று அந்தக் கூழை வாங்கிக் குடித்தேன். ஒரு வருஷம் இல்லை, பல வருஷம். ருசியாகத்தான் இருந்தது. இதை எழுது. இதை எழுதாவிட்டால் வலங்கன் பிறகு செய்கிற நல்லதெல்லாம் காகிதப் பூவாகப் போய்விடும்.

எனக்கு முனிவர் யாரும் வரவில்லை. சைக்கிளில் காக்கிப் பை மாட்டிக்கொண்டு, அம்மை குத்துகிறவர்தான் வந்தார், உன் கதை வருவதற்கு முன்பே. இவர் புது ஆள். நம் தெருவில் ஒரு வீட்டில் பிள்ளையே இல்லை என்று சாதித்தார்கள். நான் எதிரே வண்டி அச்சுக்கு மை போட்டுக்கொண்டிருந்தேன். திறந்த வாசல் வழியே தெரிந்த குதிரின் மூடி கோணலாக இருந்தது. எழுந்து போய் மூடியைத் தள்ளிக் குழந்தையைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டேன். அந்தக் குழந்தையும் மூச்சு விடாமல்தான் உட்கார்ந்திருந்தது. அதன் அப்பன் என்னைக் கேட்ட கேள்வி எழுதுகிற மாதிரி இல்லை. "உம் புள்ளைய வெளியில நிறுத்தின, எம் புள்ளைய வெளியில இழுக்கிறியா?" என்றான், அதை மட்டும் எழுதுகிறேன். அந்தக் குழந்தையின் மேல் கருணையால் நான் அதைச் செய்தேன் என்று நினைத்துவிடாதே. அந்தக் குதிரின் மேல் எனக்கு ஆத்திரம். அடுத்த வருஷம் அவர் வந்தபோது எந்த வீட்டில் எங்கே ஒளிப்பார்கள் என்று நானே கூடப் போய்க் காட்டினேன். அதிலும் பொய் கலந்தது. ஜனங்கள் கேட்கவில்லை என்றதும், ஆத்தா என் கனவில் வந்து, "இந்த ஊசி நான் அனுப்பினதுதான்டா" என்று சொன்னதாக அடித்துவிட்டேன். உடனே கேட்டுக்கொண்டார்கள். என் பேச்சை நம்பினார்கள், ஏனென்றால் பிள்ளையை வாசலில் நிறுத்தினவன் அல்லவா நான்! அந்தப் பாவம் கொடுத்த மரியாதையை வைத்துத்தான் இந்தப் புண்ணியத்தைச் செய்தேன். இப்போது சிங்கவரம் வரைக்கும் அவரோடு போகிறேன். வண்டி மாட்டை விற்றுவிட்டேன், அவர் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போகிறேன். குழந்தைகளைப் பிடித்துக்கொள்வது என் வேலை. சுருட்டின சட்டைக் கையைப் பார்த்தால் இப்போது முதலில் தழும்பைத் தேடுகிறேன்.

நல்லவன் ஆவது இப்படித்தான் இருக்கிறது, மகனே. மேட்டில் ஏறுகிற பாரவண்டி மாதிரி. ஏறும், நிற்கும், பின்னாலேயே உருளும், கல்லைக் கொடுத்து நிறுத்தி மறுபடி ஓட்ட வேண்டும். ஏறிவிட்டோம் என்று திரும்பிப் பார்த்தால் கிளம்பின மரம் இன்னும் கண்ணில் தெரியும்.

அடுத்தடுத்த வாரங்களில் கதை முடியப்போகிறது என்று பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள். சாம்பல் சேனை திரும்பி வருகிறது. வலங்கன் மறுபடியும் அந்தப் பள்ளத்துக்கு வந்து நிற்கிறான். பலகை எரிந்துவிட்டது. கன்னியப்பன் பந்தயமே கட்டுகிறான், வலங்கன் தானே பள்ளத்தின் குறுக்கே பாலமாகப் படுத்து, அவன் முதுகின் மேல் ஜனமெல்லாம் தாண்டி, அவன் உடைந்து விழுந்து சாவான் என்று. நீயும் அங்கேதான் கொண்டுபோகிறாய், எனக்குத் தெரிகிறது. கடை முழுக்க அழும். வலங்கன் கணக்குத் தீர்ந்தது என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துபோவார்கள்.

உன்னிடம் நான் எதையும் கேட்கத் தகுதியில்லாதவன். இருந்தாலும் கேட்கிறேன். அவனைச் சாகவிடாதே. சாவது ஒரு நிமிஷத்து வேலை. அது அவனுக்குச் சுலபம், உனக்கும் சுலபம். அவன் இன்னொரு பலகை அறுக்கட்டும். காலையில் போடட்டும், சாயங்காலம் காவல் இருக்கட்டும். அவன் மகன் வரட்டும், வராமல் போகட்டும், அது உன் இஷ்டம். வந்தால் கட்டிப்பிடித்து அழவைக்க வேண்டாம். அவன் கையைச் சுருட்டட்டும், இவன் பார்க்கட்டும். அது போதும். தகப்பனைப் பாலமாகப் போட்டு மிதித்துத் தாண்டிவிட்டால் நீ நிம்மதியாக இருப்பாய் என்றால், அப்படியே எழுது. நான் அதையும் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். ஆனால் நிம்மதி வராது என்று நினைக்கிறேன். நான் உன் அம்மாவைப் புதைத்துப் பார்த்தவன்.

உனக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது என்று தங்கச்சி சொல்லிவிட்டாள். அதைச் சொல்லக்கூடாது என்று நீ சத்தியம் வாங்க மறந்துவிட்டாய் போல. அவனுக்கு அம்மை குத்தியாயிற்றா என்று உன்னை நான் கேட்கப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அவன் வளர்ந்து ஒருநாள் உன்னிடம் எதையாவது காட்ட வருவான். உனக்குக் கோபமாக இருக்கும், பயமாக இருக்கும், வாசலில் நாலு பேர் நிற்பார்கள். அப்போது வாயை மூடிக்கொண்டு முதலில் பார். உன் அம்மா சொன்னதும் அதுதானே.

உன் கதையில் ஒரே ஒரு இடம் நிஜமாகவே தப்பு. பலகையை இழுத்த பிறகு வலங்கனின் பெண்சாதி அவனைச் சபித்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துச் செத்துப்போனாள் என்று எழுதியிருக்கிறாய். நீ வெளியே இருந்தாய், உனக்குத் தெரிய வழியில்லை. கதவுக்கு உள்ளே நடந்ததை இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை. உனக்குச் சொல்வதற்காகத்தான் இந்த எழுத்தையெல்லாம் கற்றேன் என்று வைத்துக்கொள்.

அவள் சபிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு நான் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். அம்மை கண்ணிலும் வார்த்து, இமை இரண்டும் வீங்கி மூடியிருந்தன. நீ உள்ளே வந்திருந்தாலும் அவளால் உன்னைப் பார்த்திருக்க முடியாது, தடவித்தான் பார்த்திருப்பாள். என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"இன்னா சட்ட போட்டிருக்கான்?"

"வெள்ளச் சட்ட."

"எளைச்சிட்டானா?"

"இல்ல. தோள் அகண்டிருக்குது."

"தலைய வாரியிருக்கானா, இல்ல எப்பவும் போல பறக்க உட்டுக்கினு நிக்கிறானா?"

"வகிடு எடுத்து வாரியிருக்கான். மீச வெச்சிருக்கான்."

அதைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதடெல்லாம் வெடித்திருந்தது, சிரித்தால் வலிக்கும், ஆனாலும் சிரித்தாள். "மீசயா? அவனுக்கா?" என்றாள். அந்த இரண்டு மூன்று நாளும், நினைவு வரும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டாள். மீசயா, அவனுக்கா என்று. நீ உள்ளே வரவில்லை. ஆனால் உன் மீசை உள்ளே வந்தது. அதோடுதான் அவள் போனாள்.

விளக்கில் எண்ணெய் இருக்கிறது, காகிதம்தான் தீர்ந்துவிட்டது. வீட்டு வாசற்கதவை மாற்றிவிட்டேன், இப்போது இருப்பது இரண்டு பக்கமும் திறக்கிற கதவு. அந்தப் புளியமரம் அப்படியே இருக்கிறது. நீ வந்தாலும் வராவிட்டாலும், இந்தக் கடிதத்துக்கு ஒரு வரி பதில் போடு. என்னாலேயே படிக்க முடியும். ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும்.

இன்னும் மீசை வைத்திருக்கிறாயா?

நைனா